தோட்டத்துக் கள்ளுக்கடை சொல்லும் கணக்கு

கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களின் வரலாற்றைக் கித்தாவையும் செம்பனையையும் வைத்தே எழுதிவிடுகிறோம். பிரெஞ்சுக்காரரான ஆன்ரி ஃபொகோனியே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரந்தாவ் பாஞ்சாங்கில் காடழித்துத் தோட்டம் போட்டார். 1917இல் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே தென்னமரம் தோட்டத்தில் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது. இவை எல்லாருக்கும் தெரியும். அந்தக் காடுகளை அழித்து, பால்மரம் சீவிய தமிழர்கள் குடியிருந்த லயங்களோடு கள்ளுக்கடையும் தோட்ட வாழ்க்கையின் பகுதியாக இருந்ததைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. இணையச் சூதாட்டத்தைத் தடைசெய்வதா, உரிமம் கொடுத்து ஒழுங்குபடுத்துவதா என்று இன்று நடக்கும் வாதத்தில் இரு தரப்பும் சொல்லும் காரணங்கள் அந்தக் கடையை முன்வைத்து ஏற்கெனவே சொல்லப்பட்டவைதான். விளைவையும் அந்தத் தோட்டங்கள் பார்த்துவிட்டன.

கள்ளுக்கடையை ஆதரித்தவர்கள் சொன்ன காரணம் அற்பமானதல்ல. கடையை மூடினால் தொழிலாளி சம்சுவைத் தேடிப் போவான். திருட்டுச் சாராயத்தில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதைவிட, உரிமம் பெற்று, மேற்பார்வையில் விற்கும் கள்ளே மேல் என்றார்கள். தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் இருந்த கடைகளில் கிடைக்கும் இலாபத்தைத் தொழிலாளர் நலனுக்கே செலவிட வேண்டும் என்ற ஏற்பாடும் இருந்தது. காகிதத்தில் பார்த்தால் இது நியாயமான ஒழுங்குமுறை. ஆனால் நலநிதி வளர வேண்டுமென்றால் குடியும் வளர வேண்டும். விற்பனையைக் கண்காணிக்க வேண்டியவரும் விற்பனையால் நிதி சேர்ப்பவரும் ஒருவரே. கூலியாகக் கொடுத்ததில் ஒரு பகுதியைக் கள்ளாக ஊற்றித் திரும்ப வாங்கிக்கொண்டு, அதில் மிஞ்சியதை நன்மை என்ற பெயரில் தருகிற ஏற்பாடு இது. ஒழுங்குமுறை கெட்டுப்போனதற்குத் தனிப்பட்ட துரைமார்களின் குணத்தைக் காரணமாகச் சொல்ல வேண்டியதில்லை. ஏற்பாடே அப்படி அமைந்திருந்தது.

வயதுவந்தவன் தன் காசை எப்படிச் செலவழித்தால் என்ன, அதில் தலையிட அரசு யார் என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கான பதில் 1941இல் கிடைக்கிறது. அந்த ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தொடங்கிச் சிலாங்கூரில் பரவிய வேலைநிறுத்தத்தில், சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி, பெண்களுக்குப் பாதுகாப்பு, பிள்ளைகளுக்குக் கல்வி, துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கும் இழிவிலிருந்து விடுதலை ஆகிய கோரிக்கைகளோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இருந்தது. வேலைநிறுத்தத்தை வழிநடத்திய ஆர். ஹெச். நாதன் கைது செய்யப்பட்டு நாடுகடத்தப்பட்டார். மே மாதம் சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. படை வந்து சுட்டதில் தொழிலாளர்கள் மாண்டார்கள். கடையை மூடச் சொன்னது தொழிலாளர் மேல் இரக்கப்பட்ட யாரோ ஒரு மேட்டுக்குடிச் சீர்திருத்தவாதி அல்ல. தோட்டத்து மக்களே, கூலிக் கோரிக்கையோடு சேர்த்துக் கேட்டார்கள். தங்கள் சுதந்திரத்துக்கு அந்தக் கடை எதிரானது என்று அவர்கள் கண்டார்கள்.

தடை மட்டும் போதுமா என்றால், போதாது. ஆங்கிலேயர் காலத்தில் சிலாங்கூரில் சூதாட்ட உரிமை குத்தகைக்கு விடப்பட்டு, அரசுக்கு வருமானம் தந்தது. குத்தகை முறை ஒழிக்கப்பட்ட பிறகும் சாப் ஜி கீ போன்ற திருட்டு ஆட்டங்கள் ஒழியவில்லை. ஆனால், உரிமம் கொடுத்ததாலும் அவை ஒழியவில்லை. 1969இல் அரசே தொடங்கிய எண் பந்தய நிறுவனமான ஸ்போர்ட்ஸ் டோட்டோ 1985இல் தனியார்மயமானது. நாலு நம்பர் கடை சட்டப்படி சிறுநகரத்துக்கு வந்த பின்னும் திருட்டு நம்பர் எழுதுபவர்கள் தொழிலை விடவில்லை. உரிமம் தந்தால் கறுப்புச் சந்தை வாடிவிடும் என்ற வாதம் நம் நாட்டில் மெய்ப்படவில்லை. நலன் என்ற பெயரும் புதிதல்ல. சமூகநல லாட்டரி என்றே ஒன்று இங்கே பல பத்தாண்டுகள் நடந்தது.

கள்ளுக்கடைக்கும் கைப்பேசிக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கடையின் முன் மறியல் செய்யலாம். யார் போகிறார், யார் வருகிறார் என்று ஊருக்குத் தெரியும். கைப்பேசியில் தோற்பவரின் மனைவிக்குக்கூட, கந்துவட்டிக்குக் கடன் கொடுத்த ஆலோங் வாசலில் வந்து நிற்கும் வரை தெரியாது. அதனால் தளங்களை முடக்குவது மட்டும் பயன் தராது. ஒன்றை முடக்கினால் வேறு பெயரில் இன்னொன்று வரும். பணம் போகும் வழியைத்தான் அடைக்க வேண்டும். இந்தியாவில், தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தில் ரம்மிக்கும் போக்கருக்கும் விதித்த தடை 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 2025இல் இந்திய நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்தபோது, அவற்றுக்கான பணப் பரிமாற்றத்துக்கு வங்கிகள் உதவுவதையும் சேர்த்தே தடுத்தது. மலேசியாவில் இன்றும் 1953ஆம் ஆண்டின் பந்தயச் சட்டத்தையும் பொதுச் சூதாட்ட இல்லச் சட்டத்தையும் வைத்துத்தான் வழக்குகள் நடக்கின்றன. அவற்றைத் திருத்தும்போது வங்கிகளையும் மின்பணப்பை நிறுவனங்களையும் பொறுப்பாளிகளாக்க வேண்டும். தோற்றவர்களின் பணத்திலிருந்து எந்த நலநிதிக்கும் ஒரு சென்கூடப் போகக் கூடாது.