குரலும் ஓர் அமானிதமே!

 

நமது புதூரை அடுத்த எட்டயபுரத்தில் உமறுப் புலவர் அடங்கியிருக்கிறார்கள். அப்பெருமகனார் பாடிய சீறாப்புராணம் ஏட்டுச் சுவடிகளாகக் கைமாறி வந்து, 1842இல் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்களின் முயற்சியால் அச்சேறியது. அதே எட்டயபுரத்தில் 1882இல் பிறந்தவர் பாரதியார். கல்கத்தாவில் 1902இலேயே கிராமபோன் ஒலிப்பதிவு தொடங்கிவிட்டது; பாரதியார் 1921 வரை வாழ்ந்தார். எனினும் அவருடைய குரல் பதிவு ஒன்றேனும் நமக்குக் கிடைக்கவில்லை. கருவி வந்துவிட்டதால் மட்டும் குரல் காக்கப்பட்டுவிடாது. காக்க வேண்டும் என்ற பொறுப்புணர்வும் அதற்கான முறையும் வேண்டும்.

அம்முறைக்கு நம் வரலாற்றில் முன்மாதிரி உண்டு. யமாமா போரில் திருக்குர்ஆனை மனனம் செய்த நபித்தோழர்கள் பலர் ஷஹீதானபோது, அபூபக்ர் (ரலி) அவர்கள் அதைத் தொகுக்கும் பணியை ஜைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். தாமே ஹாஃபிழாக இருந்தும், ஜைத் (ரலி) அவர்கள் தம் நினைவை மட்டும் நம்பாமல் எழுத்தையும் சாட்சிகளையும் கேட்டு வாங்கினார்கள். பின்னர் உஸ்மான் (ரலி) அவர்கள் பிரதிகள் எடுத்துப் பல நகரங்களுக்கு அனுப்பி வைத்தார்கள். சரிபார்த்தல், பிரதி எடுத்தல், வெவ்வேறு இடங்களில் வைத்தல் ஆகிய மூன்றும் அதில் அடங்கியுள்ளன.

ஒலிப்பதிவுக்கும் இதே வழி பின்பற்றப்பட்டது. எகிப்தில் லபீப் அஸ்ஸயீத் என்னும் அறிஞர் 1959இல் முன்வைத்த திட்டத்தின்படி, காரீ மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ அவர்களின் முழுக் குர்ஆன் ஓதல் பதிவு செய்யப்பட்டு 1961இல் வெளிவந்தது. முழுக் குர்ஆனும் ஒலிப்பதிவாக வெளிவந்தது அதுவே முதன்முறை.

இசைத்தட்டு, கேசட் ஆகியவற்றுக்குப் பின் 1982இல் குறுந்தகடு விற்பனைக்கு வந்தது. வீட்டிலேயே பதிவு செய்யத்தக்க தகட்டை 1988இல் ஜப்பானின் தையோ யூடென் நிறுவனம் அறிமுகம் செய்தது. 2000க்குப் பின் கணினி பரவியபோது, நம் இல்லங்களிலும் ஜும்ஆ பயான்களும் நிக்காஹ் குத்பாக்களும் மூத்தோரின் துஆக்களும் இத்தகடுகளில் ஏறின.

கடையில் விற்கும் தகட்டில் ஒலி, அச்சுக் குழிகளாகப் பதிந்திருக்கும். நாம் பதியும் தகட்டிலோ லேசர் ஒளி ஒரு சாயப்படலத்தைச் சுட்டு அடையாளமிடுகிறது. அச்சாயம் வெயிலிலும் வெப்பத்திலும் நாளடைவில் மங்கும். கரிசல் காட்டுக் கோடையும் புழுதியும் அதற்குப் பகை. தகட்டின் எழுதும் பக்கத்தில் உலோகப் படலத்தின் மேல் மெல்லிய மெருகுப் பூச்சு மட்டுமே உண்டு. ஆகவே அங்கு விழும் கீறலே பெருங்கேடு.

மற்றொன்றையும் அறிய வேண்டும். ஒலித்தகட்டில் நொடிக்கு 44,100 முறை ஒலி அளந்து பதியப்படுகிறது. ஏதேனும் அழிந்து, திருத்தவும் இயலாமற்போனால், இயக்கி முன்பின் அளவுகளைக் கொண்டு இடைவெளியை ஊகித்து நிரப்பிவிடும். கேட்பவருக்குப் பழுது தெரியாது. தரவுத் தகட்டில் நிலை வேறு. ஒவ்வொரு பகுதியிலும் உள்ள 2,352 பைட்டுகளில் 2,048 மட்டுமே கோப்புக்கு. எஞ்சியதில் பெரும்பகுதி பிழையைக் கண்டு திருத்துவதற்கு. ஆகவே கேட்பதற்கு ஒலித்தகடும், பாதுகாப்பதற்கு சுருக்கப்படாத கோப்பாகத் தரவுத் தகடும் உகந்தவை.

பதியும்போது அதிகபட்ச வேகத்தைத் தவிர்க்க வேண்டும். பதிந்தபின் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். ஒட்டுத்தாள் ஒட்டாமல், தகட்டுக்கென்றே உள்ள மென்முனைப் பேனாவால் பெயரும் நாளும் எழுதி, உறையிலிட்டு, நிழலில் நிமிர்த்தி வைக்க வேண்டும்.

ஆனால் காலம் மாறிவிட்டது. தையோ யூடென் 2015இல் இத்தொழிலிலிருந்து விலகியது. நம் நாட்டில் தகடுகளைப் பெருமளவில் தயாரித்த மோசர் பேயர் நிறுவனத்தைக் கலைத்துவிட 2018இல் உத்தரவாயிற்று. இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் தகடு செருகும் வழியே இல்லை. பீரோவுக்குள் இருக்கும் தகடு இன்று ஓடலாம்; அடுத்த கோடைக்குப் பின் ஓடும் என்று யாரும் உறுதி கூற முடியாது.

ஆகவே, பெற்றோரே! இந்த ரமளானுக்குள் வீட்டிலுள்ள தகடுகளை எடுத்து, தகடு படிக்கும் கருவியுள்ள கணினியில் பிரதி எடுங்கள். ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும். மற்றொன்று வெளியூரில் உள்ள பிள்ளைகளிடம் இருக்கட்டும். முழுமையாக ஒருமுறை கேட்டுப் பாருங்கள். மௌத்தாகிவிட்ட பாட்டனாரின் துஆவைப் பேரப்பிள்ளைகள் அவர் குரலிலேயே கேட்பது பெரும் பாக்கியமன்றோ? நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவற்றைப் பேணும் நல்லருளை அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.