இசை மென்பொருளின் யூஎஸ்பி சாவி மக்கர் பண்ணுதா? முதலில் இதைப் பாருங்க

ரெக்கார்டிங் நடுவில் 'லைசென்ஸ் இல்லை' என்று மென்பொருள் நின்றுபோனால், சாவியே போச்சு என்று பதற வேண்டாம்.

புரோ டூல்ஸ் போன்ற மென்பொருட்களுக்குப் பயன்படும் ஐலாக் சாவி, பார்க்க பென் டிரைவ் மாதிரி இருக்கும். ஆனால் அதில் ஃபைல் வைக்க முடியாது. உரிமம் மட்டும்தான் இருக்கும். அதனால் டிரைவ் பட்டியலில் தேடிப் பயனில்லை. ஐலாக் லைசென்ஸ் மேனேஜரில் தெரிகிறதா என்றுதான் பார்க்கணும்.

தெரியலையா? ஹப்பிலிருந்து கழற்றி கணினியில் நேரடியாகச் செருகுங்கள். ஆடியோ இன்டர்ஃபேஸ், மிடி கீபோர்டு, ஹார்ட் டிஸ்க் எல்லாம் தனி மின்சாரம் இல்லாத ஒரே ஹப்பில் தொங்கினால், பவர் பற்றாமல் சாவியின் இணைப்பு விட்டுவிட்டு அறுந்துபோகும். கொஞ்ச நேரம் சும்மா இருந்தபின் மட்டும் காணாமல் போனால், விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் 'யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்'டை அணைத்துப் பாருங்கள். வேறு கணினியிலும் தெரியவில்லை என்றால் கோளாறு சாவியில்தான்.

பழைய கியூபேஸ் வைத்திருப்பவர்கள் பாடுதான் திண்டாட்டம். 2022-இல் வந்த கியூபேஸ் 12 முதல் ஸ்டைன்பர்க் சாவியைக் கைவிட்டது. பழைய சாவிகளுக்கான இ-லைசென்சர் சேவையும் 2025 மே மாதம் நின்றுவிட்டது. உங்கள் கையில் இருப்பது கடைசிச் சாவி. பழைய ப்ராஜெக்டுகளை இப்பவே டிராக் வாரியாக வேவ் ஃபைல்களாக எடுத்து வையுங்கள்.