காரில் அனல் காத்தும் கொஞ்சம் சரித்திரமும்

போன ஏப்ரல் கடைசியில் குடும்பத்தோட கொடைக்கானல் கிளம்பினோம். திண்டுக்கல்லில் மண்டை பிளக்குற வெயில். செம்பட்டி, வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறி, டம்டம் பாறைக்கு மேல போனதும் மழை பிடிச்சுக்கிச்சு. குளிருதேன்னு ஏசியை நிறுத்தி, கண்ணாடிகளை ஏத்தி விட்டோம். உள்ளே அஞ்சு பேர் மூச்சு. கொஞ்ச நேரத்துல முன்கண்ணாடி பால் ஊத்தின மாதிரி வெளுத்துப் போச்சு. வீட்டம்மா துண்டால் துடைக்கத் துடைக்க மறுபடி வெளுக்குது. வளைவுல பஸ் ஹாரன் மட்டும் கேக்குது, பஸ்ஸைக் காணோம்!

பயத்துல, நீலமும் சிவப்பும் போட்ட அந்தக் குமிழைப் பிடிச்சு சிவப்புப் பக்கம் ஒரே திருகு. கார் வாங்கி ஆறு வருஷத்துல அன்னிக்குத்தான் அதை முதல்ல தொடுறேன். "டக்"னு ஒரு சத்தம். சூடான காத்து வந்துச்சு, கண்ணாடி தெளிஞ்சுது, உயிரோட கொடை போய்ச் சேர்ந்தோம்.

வினை இறங்கும்போதுதான் தெரிஞ்சுது. வத்தலக்குண்டில் ஏசி போட்டால் அனல். குமிழை நீலத்துக்குத் திருப்பினாலும் அதே அனல். ஃபேன் வேற 1, 2, 3-ல் ஏற்கெனவே செத்துக் கிடந்தது, 4-ல் மட்டும் பேய் மாதிரி சுத்தும். ஊருக்கு வந்து ஒரு மெக்கானிக்கிட்ட காட்டினேன். "கம்ப்ரசர் போச்சு சார், புதுசு போட்டுரலாம்" என்றார். எனக்கு மனசு கேக்கலை. ஏசி போட்டு நிறுத்தி வச்ச காருக்கு அடியில தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கு. கம்ப்ரசர் போயிருந்தா அந்தத் தண்ணி எங்கேர்ந்து வரும்?

அங்கே ஆரம்பிச்சுது என் ஆராய்ச்சி.

எங்க பெரியப்பா அம்பாசடர் வச்சிருந்தார். அதுல காத்துக்கு உருப்படியான ஒரே கண்ட்ரோல், முன்கதவின் முக்கோணக் கண்ணாடி. கையால தள்ளித் திருப்பினால் வெளிக்காத்து நேரா மூஞ்சில அடிக்கும். கெட்டுப்போக அதுல என்ன இருக்கு? அம்பாசடர் 1958-ல் வந்தது, இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் மூன்றாம் சீரிஸின் பிள்ளை. பிரிட்டிஷ் கார்கள் பலதில் அந்தக் காலத்துல ஹீட்டரே தனிக்காசு கொடுத்து வாங்குற சாமான். குளிர் ஊர்லயே அப்படின்னா நமக்கு எதுக்கு? பத்மினியிலும் அதே முக்கோணக் கண்ணாடிதான்.

அமெரிக்காக்காரன் கதை வேற. 1940 மாடல் பேக்கார்ட் காரில் முதல்முதலா கம்பெனியிலேயே ஏசி மாட்டிக் கொடுத்தாங்க. டிக்கியில் பாதி இடத்தை அதுவே அடைச்சுக்கிச்சு. வேடிக்கை என்னன்னா, அதை நிறுத்த சரியான சுவிட்ச் கிடையாது. ரொம்பக் குளிருதுன்னா காரை ஓரங்கட்டி, எஞ்சினை அணைச்சு, பானட்டைத் திறந்து கம்ப்ரசர் பெல்ட்டைக் கழட்டணும்! ரெண்டே வருஷத்துல கைவிட்டுட்டாங்க.

1954-ல் நாஷ் கம்பெனி, ஹீட்டரையும் ஏசியையும் ஒரே ஏற்பாடா முன்பக்கத்துக்குக் கொண்டு வந்துச்சு. 1964-ல் காடிலாக், இத்தனை டிகிரின்னு வச்சுட்டா மீதியை அதுவே பாத்துக்கிற கண்ட்ரோலைக் கொடுத்துச்சு. நம்ம ஊருக்கு இதெல்லாம் மெதுவாத்தான் வந்தது. 1983 டிசம்பரில் முதல் மாருதி 800 சாவியை இந்திரா காந்தி கையால கொடுத்தாங்க. அதுக்கப்புறம்தான் டேஷ்போர்டு ஏசி மெல்ல மெல்ல சாமானியன் காருக்கும் இறங்கி வந்தது. முக்கோணக் கண்ணாடியும் காணாமப் போச்சு.

இப்ப என் கார். டேஷ்போர்டுக்குள்ளே ஒரே பெட்டி. காத்து முதல்ல ஏசியின் குளிர்ச் சுருளைத் தாண்டும், அப்புறம் ஒரு சின்னக் கதவு. எஞ்சினின் வெந்நீர் ஓடுற ஹீட்டர் சுருள் வழியா காத்து போகணுமா, வேணாமான்னு அந்தக் கதவுதான் முடிவு பண்ணும். குமிழ் அந்தக் கதவை ஒரு கம்பி கேபிளால் இழுக்குது. ஆறு வருஷம் ஆடாம அசையாம இருந்து இறுகிப் போன கதவை நான் மலையில வெடுக்குனு இழுத்ததுல, கேபிள் முனையின் கிளிப் தெறிச்சிருக்கு. கதவு சூட்டுப் பக்கமே நின்னுடுச்சு. ஏசி பாவம், ஒழுங்காக் குளிர வச்ச காத்தைப் பின்னாலயே ஹீட்டர் வேக வச்சிருக்கு!

கையுறை டப்பாவைக் கழட்டி, டார்ச் அடிச்சுப் பாத்தா கேபிள் தொங்குது. கதவைக் கையால நாலு தடவை ஆட்டி இளக்கி, கிளிப்பை மாட்டினேன். செலவு சைபர்.

ஃபேனுக்கு வேற வைத்தியம். 4-ல் வச்சா மோட்டாருக்கு முழுக் கரண்ட் நேரா போகும். 1, 2, 3-க்கு மட்டும் ஒரு ரெசிஸ்டர் வழியா குறைஞ்சு போகும். அந்த ரெசிஸ்டர் சூடாகும்ங்கிறதால அதைக் காத்து ஓடுற பாதையிலேயே வச்சிருக்கான். நான் காரை நிறுத்துறது வேப்பமரத்தடி. சருகு உள்ளே போய் அடைச்சு, காத்து குறைஞ்சு, ரெசிஸ்டர் கருகிடுச்சு. ரெண்டு ஸ்க்ரூ, சில நூறு ரூபாய். சருகை அள்ளிப் போட்டதுதான் பெரிய வேலை.

ஜூலையில மறுபடி கொடை போனோம். பெருமாள்மலை பக்கம் அதே மூட்டம். இந்தத் தடவை ஏசியையும் போட்டு, குமிழையும் சிவப்புக்குத் திருப்பி, காத்தை முன்கண்ணாடிப் பக்கம் விட்டேன். ஏசி காத்துல இருக்குற ஈரத்தை உறிஞ்சும், ஹீட்டர் அதைச் சூடாக்கும். கண்ணாடி சீக்கிரமே தெளிஞ்சுடுச்சு.

"குளிர்ல எதுக்குங்க ஏசி?"ன்னாங்க வீட்டம்மா. துண்டு இன்னும் அவங்க மடியிலதான் இருந்தது.