பெயர்ந்த கல்லும் பெயராத இடமும்

போரூரிலிருந்து பூந்தமல்லிக்குச் செல்லும் சாலையில் ஐயப்பன்தாங்கலையும் காட்டுப்பாக்கத்தையும் குமணன்சாவடியையும் கடந்து போகிறவர் கண்ணுக்கு, தலைக்கு மேலே நீளும் மெட்ரோ ரயில் பாதையும் இருமருங்கிலும் நெருங்கி நிற்கும் கட்டடங்களும் அன்றி இன்று வேறொன்றும் தென்படுவது அரிது. ஆயினும் திருக்கச்சி நம்பிகள் அவதரித்த ஸ்தலமென்று வைஷ்ணவ உலகம் போற்றும் பூவிருந்தவல்லியைச் சூழ்ந்த இந்தப் பிரதேசம், என் இளமை வரையில் ஏரிகளும் ஏரிப் பாய்ச்சலில் விளைந்த நெல்வயல்களுமாக இருந்தது. அவ்வயல்களின் மூலைகளில், வரப்புப் புல்லுக்குள்ளே தலையை மட்டும் நீட்டிக்கொண்டு, சிறு கருங்கற்கள் நின்றன. சர்வே கல் என்று எல்லாரும் சொல்லும் அக்கற்கள் அவ்வப்போது காணாமற் போவதுண்டு. காணாமற் போனதைத் தேடி மீட்பதற்கு ஊரில் ஒரு முறை இருந்தது. அந்த முறையின் பூர்வ சரித்திரத்தையும், அதனுள்ளே பொதிந்திருந்த மரியாதையையும் எடுத்துச் சொல்வதே என் நோக்கம்.

எல்லையைக் குறிக்கும் அடையாளம் ஒருநாள் அழியத்தான் போகிறது என்பதை நம் முன்னோர் ஆதியிலேயே உணர்ந்திருந்தார்கள். கண்ணுக்குத் தெரியும் மரங்களையும் மேடுகளையும் எல்லையாகக் கொள்ளச் சொன்ன மனு ஸ்மிருதி, அதனோடு நில்லாமல், கரி, உமி, சாம்பல், ஓட்டுச் சில்லு, செங்கல், கூழாங்கல் முதலாக மண்ணில் எளிதில் மக்காத பொருள்களைப் பூமிக்குள் மறைத்து வைக்கவும் விதித்தது. சோழர் காலத்துச் செப்பேடுகளோ, தானமாகக் கொடுத்த நிலத்தைச் சுற்றிப் பெண் யானையை நடக்கவிட்டு, அது நடந்த தடத்தில் கல்லையும் கள்ளியையும் சேர்த்து நட்ட செய்தியைத் தெரிவிக்கின்றன. கல் பெயர்ந்தால் கள்ளி காட்டும். கள்ளி பட்டுப்போனால் கல் காட்டும். இரண்டும் போனாலும் யானையோடு நடந்து வந்த நாட்டார் காட்டுவார்கள். பெருமாள் கோயில் நிலத்துக்குச் சக்கரம் பொறித்த திருவாழிக் கல்லும் சிவன் கோயில் நிலத்துக்குச் சூலம் பொறித்த சூலக்கல்லும் நட்டதும் இக்காரணத்தினால்தான்: கல் எங்கே புரண்டு கிடந்தாலும், அது யாருடையது என்பதைக் கண்டவன் உணர்ந்து, உரியவரிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கு ஆர்க்காட்டு நவாப் முகமது அலி 1763-ஆம் ஆண்டில் ஜாகீராக விட்டுக்கொடுத்த செங்கற்பட்டுச் சீமையில் பூந்தமல்லி வட்டாரமும் அடங்கியிருந்தது. தாமஸ் பார்னார்ட் என்னும் பொறியாளர் 1767 முதல் 1774 வரை அச்சீமையின் ஏறத்தாழ 2,000 கிராமங்களை அளந்து, ஊர்தோறும் வீடு எத்தனை, ஏரி எத்தனை, மானியம் யாருக்கு என்றெல்லாம் கணக்கெடுத்தார். அக்கணக்குக்கு ஆதாரமான தமிழ் ஓலைகளில் ஒரு பகுதி, இரண்டு நூற்றாண்டு கழித்து ஆராய்ச்சியாளர் கண்ணில் பட்டு, இன்று தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் போற்றப்படுகிறது. தொலைந்ததென்று யாரும் தேடாத பொருளும், அதைப் பத்திரமாக வைத்திருந்த ஒருவர் இருந்தமையால் நமக்கு மீண்டது.

பூந்தமல்லிச் சாலை தொடங்குகிற பரங்கிமலை, உலகத்து நில அளவையின் சரித்திரத்திலேயே ஒரு புண்ணிய ஸ்தலம். வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி 1802 ஏப்ரல் 10 அன்று அம்மலையடிவாரத்திலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றை நோக்கி, ஏழரை மைல் நீளமுள்ள ஆதாரக் கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். இமயம் வரை சென்ற மகா முக்கோண அளவைக்கு அதுவே வித்து. அவர் கையாண்ட 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி, இரண்டரை அடிக் கண்ணிகள் நாற்பது கொண்டது. வெயிலில் எஃகு நீளுமே என்று அஞ்சி, மரப்பெட்டிகளுக்குள் அதைக் கிடத்தி, பக்கத்தில் உஷ்ணமானிகளை வைத்து, நானூறு தடவை எடுத்துப் போட்டு அந்தக் கோட்டை அளந்தார்.

அந்தச் சங்கிலி பரங்கிமலைக்கு வந்து சேர்ந்த பிரயாணம் ஒரு கதை போன்றது. லண்டனில் ராம்ஸ்டன் என்னும் கைதேர்ந்த கருவியாளர் செய்த அது, 1793-இல் மெக்கார்ட்னி பிரபுவின் தூதுக் கோஷ்டியோடு சீனச் சக்கரவர்த்திக்குக் காணிக்கையாகச் சென்றது. சக்கரவர்த்தி அதை ஏற்கவில்லை. கோஷ்டியில் இருந்த டின்விடி என்ற விஞ்ஞானியின் வசமாகி, அவரோடு கல்கத்தாவுக்கு வந்து, அங்கே விலைப்பட்டு, லாம்டன் கையில் சேர்ந்தது. அதைச் சீனத்துக்குக் கொண்டுசென்ற மெக்கார்ட்னி முன்பு சென்னையின் கவர்னராக இருந்தவர் என்பதை நினைக்கும்போது, ஊர் ஊராகச் சுற்றிய ஒரு பொருள் கடைசியில் தன்னை அறிந்தவர் ஊருக்கே வந்து சேர்ந்தது போலத் தோன்றுகிறது.

அதனினும் வியப்பானது, கோணம் அளக்க வந்த பெரிய தியோடலைட்டின் கதி. கேரி என்பவர் லண்டனில் செய்த, 36 அங்குல வட்டமும் அரை டன் கனமும் கொண்ட அந்த யந்திரம் கடலில் வரும்போது, ஆங்கிலேயரோடு பகைமை பூண்டிருந்த பிரெஞ்சுக்காரர் கப்பலை மறித்துப் பிடித்து அதை மொரீஷியஸ் தீவுக்குக் கொண்டுபோய்விட்டனர் என்றும், பெட்டிகளைத் திறந்து பார்த்து இது பூமியை அளக்கும் சாஸ்திரக் கருவி என்று அறிந்ததும், மறுபடி பக்குவமாகக் கட்டி, மரியாதைக் கடிதத்தோடு சென்னைக்கு அனுப்பிவைத்தனர் என்றும் நில அளவைத் துறையின் பழைய சரித்திர நூல் கூறுகிறது. பொருள் தன் கையில் அகப்பட்டது என்பதனால் அது தனதாகிவிடாது என்ற நியாயத்தை, யுத்த காலத்துப் பகைவரும் அன்று காத்தார்கள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து, யந்திரம் சுவரில் மோதி, அதன் வட்டம் நெளிந்து போயிற்று. லாம்டன் அதைக் கைவிடவில்லை. ஆப்பும் திருகாணியும் கப்பியும் கொண்டு, ஆறு வாரம் இரவு பகலாக முயன்று, நெளிந்த வட்டத்தைப் பழைய உருவத்துக்கு இழுத்து நிறுத்தினார்.

மலைகளையும் கோபுரங்களையும் இணைத்த அந்தப் பெரிய அளவைக்குப் பின்னால் வந்ததே, வயல்வெளிகளில் நடந்த சிறிய அளவை. சென்னை ராஜதானியில் எல்லைக் கற்களை நாட்டிக் காப்பதற்கென்று 1860-இல் ஒரு சட்டமும், பின்னர் இன்றளவும் வழங்குகிற 1923-ஆம் ஆண்டின் 8-ஆம் சட்டமும் பிறந்தன. அவற்றின் பயனாக ஒவ்வொரு வயலுக்கும் எண்ணும் படமும் ஏற்பட்டன. 66 அடிச் சங்கிலியைப் பிடித்து, வயலை முக்கோணங்களாகப் பிரித்து, ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் உள்ள தூரத்தை லிங்க் என்னும் கண்ணிக் கணக்கில் படத்தில் எழுதிவைத்தார்கள். கல்லைக் காப்பது பட்டாதாரின் பொறுப்பு. கல் சாய்ந்தாலோ மறைந்தாலோ மேலே தெரிவிப்பது கிராம உத்தியோகஸ்தரின் கடமை. கர்ணமும் மணியக்காரரும் 1980 நவம்பரில் பதவி நீங்கிய பின்பு அக்கடமை கிராம நிர்வாக அலுவலரிடம் வந்தது. காணாமற் போன கல்லின் எண்ணைப் படத்திலிருந்து யாரும் அடிப்பதில்லை. கல் இல்லாவிட்டாலும் எண் இருக்கும். அது தன் கல்லை எதிர்பார்த்துக் காத்திருக்கும்.

பூந்தமல்லிக்கு அருகே ஒரு சிற்றூரில் அத்தகைய தேடுதல் ஒன்றைச் சிறுவனாக இருந்து பார்த்தேன். பங்காளிகள் இருவர் வயலுக்கு இடையே நின்ற கல் காணவில்லை. அளக்க வந்த சர்வேயரோடு ஊர்த் தலையாரியும் வந்திருந்தார். ஒரு பங்காளி காலையிலேயே மண்வெட்டியோடு நின்றார். மற்றவர் சந்தைக்குப் போயிருந்தார். “அவுரு வரட்டும். ஒருத்தரு மட்டும் பாத்துத் தோண்டுனா, கல்லே கெடைச்சாலும் அது சாட்சி சொல்லாது” என்று சொல்லித் தலையாரி வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அவர் வரும்வரை மண்வெட்டி மண்ணைத் தொடவில்லை.

கல் கிடைத்தது வயலில் அன்று. பக்கத்துக் கிணற்றடியில், துணி துவைக்கும் கல்லாக அது குப்புறக் கிடந்தது. தலையாரி அதன் விளிம்பை விரலால் தடவிப் பார்த்துப் புரட்டினார். தலையில் வெட்டிய சிலுவைக் குறி சவுக்காரம் படிந்து வெளுத்திருந்தது. வீட்டுக்கார அம்மாள் பதறிப்போய், “எங்க மாமியாரு காலத்துலேந்து இங்கதான் கீது” என்றாள். தலையாரி சிரித்தார். “யாரு தூக்கியாந்தாங்கன்னு நான் கேக்க வரலம்மா. கல்லு வழி தெரியாம வந்து ஒக்காந்துடுச்சு. அத்த அது ஊட்டுக்கு அனுப்பணும், அவ்ளோதான்.” அந்த அம்மாள் உடனே ஒரு வாளித் தண்ணீர் இறைத்து, சவுக்காரம் போகத் தேய்த்துக் கழுவி, பிறகே கல்லைத் தூக்கவிட்டாள்.

கல் கிடைத்தவுடன் வேலை முடிந்துவிட்டதென்று நான் நினைத்தேன். சர்வேயரோ கல்லை ஓர் ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, பெயராமல் நின்ற வேறு இரண்டு கற்களைத் தேடிப்போய், அவற்றின் இடையிலுள்ள தூரம் படத்தில் உள்ளபடியே இருக்கிறதா என்று முதலில் சோதித்தார். பின்பு அவ்விரண்டிலிருந்தும் படத்தில் எழுதியிருந்த தூரங்களுக்குச் சங்கிலியை நீட்டி, வில் போல் மண்ணில் கோடு கிழித்தார். இரு கோடுகளும் வெட்டிக்கொண்ட இடத்தை மூன்றாவது கல்லிலிருந்து அளந்து மறுபடி சரிபார்த்தார். அந்த இடத்தில் ஒரு முழம் தோண்டியதும், சுற்றிலும் கறுத்த களிமண்ணாக இருக்க நடுவில் மட்டும் சிவந்த சரளை நிறைந்த வட்டம் ஒன்று தெரிந்தது. முன்பு கல்லை இறுக்குவதற்காகக் கெட்டித்த சரளை அது. கல் ஊர் சுற்றிவிட்டு வந்தது. அதன் இடம் மட்டும் அசையாமல் அங்கேயே இருந்தது. பங்காளிகள் இருவரும் ஆளுக்கொரு கை மண் தள்ள, தலையாரி காலால் மிதித்து இறுக்கினார்.

அந்த ஒரு நாளில் நான் கண்டவற்றை விதிகளாக எழுதினால் நான்கு வரும். எதிர்த் தரப்பினர் இல்லாமல் தேடாதே. பொருள் எவரிடத்தில் கிடைத்ததோ அவரைக் கள்வரென்று பேசாதே. கிடைத்த பொருளை நம்பி இடத்தைத் தீர்மானியாதே, நிலைத்து நிற்கும் சாட்சிகளை நம்பி அளந்துபார். மீட்டதைப் பழைய எண்ணின்கீழே பதிந்துவை. சட்டப் புத்தகம் தண்டனையையும் செலவையும் சொல்லும். இந்த நான்கில் முதல் இரண்டைத் தலையாரி போன்றவர்களின் நாவே காத்து வந்தது.

இக்காலத்து இளைஞர் உலகெங்கும் ஆடுகிற ஜியோகேச்சிங் என்ற விளையாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டபோது எனக்கு அந்தத் தலையாரிதான் ஞாபகத்துக்கு வந்தார். செயற்கைக்கோள் வழிகாட்டியின் துல்லியத்துக்கு இருந்த தடையை அமெரிக்க அரசு 2000 மே மாதத் தொடக்கத்தில் நீக்கியதும், மே 3 அன்று டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை மறைத்து வைத்து, அதன் இருப்பிடத்தை எண்களால் அறிவித்ததில் பிறந்தது அவ்விளையாட்டு. எண் பொறித்த வில்லையோ நாணயமோ ஒரு பெட்டியிலிருந்து மறு பெட்டிக்கு, முன்பின் அறியாதவர் கைகளின் வழியே, தேசம் விட்டுத் தேசம் பிரயாணம் செய்கிறது. எடுத்தவர் அதற்கு உடைமையாளர் அல்லர். அடுத்த பெட்டிவரை வழித்துணை மட்டுமே. குறித்த பெட்டியில் அது இல்லையென்றால், கடைசியாக எடுத்தவரைப் பழிக்காமல் இதமாக எழுதிக் கேட்க வேண்டும். அவருக்கு நோயோ வேலையோ மறதியோ இருக்கலாம். பொறுத்துப் பார்த்த பின்பே காணவில்லை என்று குறிப்பார்கள். குறித்த பிறகும் அதன் எண் அழிவதில்லை. பல ஆண்டு கழித்து ஒரு மேஜை அறையிலிருந்து வெளிப்பட்டாலும், அதே எண்ணோடு பிரயாணத்தைத் தொடரும். அவ்விளையாட்டில் ஈடுபட்டவர் பலர் அமெரிக்காவில் பழைய அளவைக் குறிகளையும் தேடிக் காண்கிறார்கள். அளவைக்காரர் பாஷையில் ஒரு குறியை மீட்பது என்றால், அது தன் இடத்தில் இருப்பதைக் கண்டு, அதன் நிலையை எழுதிவைத்து, தொடாமல் திரும்புவது என்றே பொருள்.

தொலைந்ததைத் தேடுகிறவன் பொருளை மட்டுமா தேடுகிறான்? பொருளைச் சுற்றிலும் மனிதர் ஒருவரையொருவர் நம்பி வாழ்கிற ஏற்பாடு ஒன்று இருக்கிறது. பொருளை மீட்கும் அவசரத்தில் அந்த நம்பிக்கையை உடைத்துவிட்டால், கல் நட்டும் எல்லை நிற்காது. தலையாரியின் ஒரு வாக்கியம் ஒரு குடும்பத்தை அவமானத்திலிருந்து காத்தது. பங்காளிகள் இருவரையும் ஒரே குழியில் மண் தள்ளச் செய்தது.

சென்ற ஆண்டு அவ்வழியே போனேன். வயல்கள் மனைகளாகி, மனைகள் வீடுகளாகிவிட்டன. பங்காளிகளின் பேரன்மார் விற்றுவிட்டுப் போய்விட்டதாகச் சொன்னார்கள். இரண்டு வீடுகளின் சுற்றுச்சுவர்கள் சேருகிற மூலையில் அந்தக் கல்லைப் பார்த்தேன். சுவர் எழுப்பிய கொத்தனார், யாரோ எவரோ, கல்லை அசைக்க மனமின்றி, அந்த இடத்தில் மட்டும் ஒரு சாண் அளவு சுவரை உள்வாங்கிக் கட்டியிருந்தார். அந்த இடைவெளியில் கல் நின்றது. அதன் தலையில் சிலுவைக் குறி தெளிவாகவே தெரிந்தது. குனிந்து பார்த்துவிட்டு, தொடாமல் திரும்பினேன்.