ஐந்து பொத்தான் கிட்டார்

2010-இல் அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பும்போது கன்சோலை விற்றுவிட்டேன். கூட இருந்த பிளாஸ்டிக் கிட்டாரை மட்டும் யாரும் கேட்கவில்லை. அந்த வருடம் அங்கே வீட்டுக்கு வீடு ஒன்று கிடந்தது. தூக்கிப்போட மனசில்லாமல் போர்வைகளுக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்தேன். சென்னை விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரி, "என்ன சார் இது, பொம்மையா?" என்றார். "பொம்மைதான் சார்" என்றேன். கழுத்தில் பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு என்று ஐந்து பொத்தான்கள். தந்தி கிடையாது. வால் மாதிரி ஒரு யூஎஸ்பி வயர்.

ஆடாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ராக் பேண்ட், கிட்டார் ஹீரோ போன்ற தாள விளையாட்டுகளில் பாட்டு ஓடும்போது திரையில் நிறநிறமாகக் கற்கள் நம்மை நோக்கி உருண்டு வரும். கல் கோட்டைத் தொடும் அந்தக் கணத்தில் அதே நிறப் பொத்தானைப் பிடித்து மீட்டுகோலைத் தட்டவேண்டும். தட்டினால் பாட்டில் கிட்டார் ஒலிக்கும். தவறினால் அந்த இடத்தில் கிட்டார் மட்டும் காணாமல் போகும். எந்த நொடியில் எந்த நிறம் என்று குறித்த கோப்புக்கு சார்ட் என்று பெயர். மொத்த ஆட்டமும் அந்தச் சார்ட்தான். மற்றதெல்லாம் விளக்கு அலங்காரம்.

இந்த வகை ஆட்டம் எது கன்சோலில் வந்தாலும் உடனே ஒரு கேள்வி கிளம்பும்: இது பிசிக்கும் வரவேண்டுமா? வேண்டும் என்பவர்களும், வந்தால் கெட்டுப்போகும் என்பவர்களும் பல வருடமாக ஒரே சண்டையைப் போடுகிறார்கள். நானும் இரண்டு பக்கமும் பேசியிருக்கிறேன். வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினபிறகு, கேள்வியே தலைகீழாக நிற்கிறது என்று தோன்றிவிட்டது.

கொனாமி நிறுவனத்தின் பீட்மேனியா 1997-இல் ஜப்பானின் ஆர்கேட் கூடங்களுக்கு வந்தது. அடுத்த வருடமே அங்கே ஒரு ரசிகர் பிஎம்எஸ் என்ற கோப்பு வடிவத்தை உண்டாக்கி, அதை வீட்டுக் கணினியில் ஆடிக்காட்டும் மென்பொருளையும் விட்டார். அதாவது, 'பிசிக்கு வருமா' என்று கேட்கப்படுவதற்கு முன்னாலேயே வந்துவிட்டது, கம்பெனிக்குத் தெரியாமல். பிஎம்எஸ்ஸுக்கென்றே சொந்தமாக இசையமைக்கும் கூட்டம் ஒன்று உருவாகி, அதிலிருந்து சிலர் பிற்பாடு பெரிய நிறுவனங்களின் விளையாட்டுகளுக்கே இசையமைக்கப் போனார்கள்.

1998-இல் வந்த டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் கதை இன்னும் வேடிக்கை. காலால் மிதித்து ஆடும் அதைக் கணினியில் கொண்டுவர 2001 வாக்கில் ஸ்டெப்மேனியா என்ற திறந்த மூல மென்பொருள் தொடங்கியது. பிறகு அந்த மென்பொருளையே ஒரு பிசிக்குள் போட்டு, அந்தப் பிசியை ஆர்கேட் பெட்டிக்குள் வைத்து, இன் தி குரூவ் என்ற பெயரில் ராக்ஸர் என்ற அமெரிக்க நிறுவனம் விற்றது. 2005-இல் கொனாமி வழக்குப் போட்டது. 2006-இல் சமரசமாகி இன் தி குரூவின் உரிமை கொனாமியிடமே போய்ச் சேர்ந்தது. இதற்கிடையில் இன் தி குரூவைப் பிளேஸ்டேஷன் 2-இல் வெளியிட்டவர்கள் ரெட்ஆக்டேன் என்ற சின்னக் கம்பெனி. ஆட்டத்துக்கான மிதிபாய் விற்றவர்கள். அடுத்ததாக அவர்கள் ஹார்மோனிக்ஸ் என்ற குழுவோடு சேர்ந்து 2005 நவம்பரில் கொண்டுவந்ததுதான் கிட்டார் ஹீரோ. கொனாமி 1999-லேயே மூன்று பொத்தான் கிட்டாரோடு கிட்டார்ஃப்ரீக்ஸ் என்று ஒன்றை ஆர்கேட்டில் விட்டிருந்தது. யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்தால் யாருமே யோக்கியர் இல்லை.

பிசி வேண்டாம் என்பவர்களின் வலுவான வாதம் தாமதம். கன்சோல் எல்லாருக்கும் ஒரே பெட்டி. பிசி ஆளுக்கு ஒன்று, ஒலி அட்டை ஆளுக்கு ஒன்று. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் ஒலி காதுக்கு வருமுன் இயங்குதளத்தின் கலவைப் பகுதிக்குள் நுழைந்து வருவதிலேயே சில பத்து மில்லிசெகண்டு போய்விடும். நொடியில் பத்தில் ஒரு பங்கு தவறினால் தோற்கும் ஆட்டத்துக்கு அது பெரிய ஓட்டை. நியாயமான வாதம்தான். ஆனால் இதை உடைத்தது பிசி இல்லை, டிவி.

2008-இல் நாங்கள் நாலு பேர் ஒரு வீட்டில் இருந்தோம். அதில் ஒருவன் எட்டு வருடம் மிருதங்கம் படித்தவன். ராக் பேண்ட் வாங்கின அன்றைக்கு டிரம்ஸ் அவனுக்குத்தான் என்று முடிவாகிவிட்டது. உட்கார்ந்தான், முதல் பாட்டிலேயே தோற்றான். திரும்பவும் தோற்றான். குச்சியைக் கீழே வைத்துவிட்டு டிவியை முறைத்தான்.

"டேய், இது பொய் சொல்றதுடா. நான் சரியாத்தான் அடிக்கிறேன். படம் லேட்டா வருது."

நாங்கள் சிரித்தோம். ஆடத் தெரியாதவன் மேடை கோணல் என்றானாம். ஆனால் அவன் சொன்னதுதான் சரி. குழாய் டிவி போய் தட்டை டிவி வந்த காலம் அது. புது டிவிகள் படத்தை மெருகேற்றிக் காட்டுவதற்குள் கொஞ்சம் தாமதமாகிவிடும். காதால் அடிக்கிறவன் தோற்பான், கண்ணால் அடிக்கிறவன் ஜெயிப்பான். அமைப்புகளில் தாமதத்தை ஈடுகட்ட ஓர் எண் கொடுக்க இடமிருந்தது. அன்று இரவு பன்னிரண்டு வரை அந்த எண்ணை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். அதே வருடம் வந்த ராக் பேண்ட் 2-இன் கிட்டாரில் ஒளியை உணரும் கண்ணும் ஒரு மைக்கும் வைத்துவிட்டார்கள். கிட்டாரை டிவிக்கு நேராகப் பிடித்தால் அதுவே தாமதத்தை அளந்து சொல்லும். ஆக, கன்சோலிலும் ஆளுக்கு ஒரு தாமதம்தான். அளக்கத் தெரிந்தால் எந்தப் பெட்டியிலும் ஆடலாம்.

பிசியில் அதிகாரபூர்வமாக வரவே இல்லை என்றும் சொல்லமுடியாது. கிட்டார் ஹீரோ 3, 2007-லேயே பிசிக்கும் மேக்குக்கும் வந்தது. ஒரே தலைப்பில் நூறு கோடி டாலர் தாண்டிய முதல் விளையாட்டு என்று பிற்பாடு ஆக்டிவிஷன் மார்தட்டிக்கொண்டது அதைத்தான். பிசியில் அது பெரிதாகப் பேசப்படவில்லை. அங்கே பேசப்பட்டது வேறொன்று. 2006-இல் ஃபின்லாந்தின் அசெம்பிளி விழாவின் விளையாட்டுப் போட்டியில் ஜெயித்த ஃப்ரெட்ஸ் ஆன் ஃபயர். பைத்தான் மொழியில் எழுதப்பட்ட, காசில்லாத ஆட்டம். கிட்டார் இல்லையா, பரவாயில்லை, கீபோர்டைத் தூக்கிக் கிட்டார் மாதிரி பிடி என்றார்கள். எஃப்1 முதல் எஃப்5 வரை ஐந்து பொத்தான், எண்டர் விசைதான் தந்தி. கீபோர்டை வீணை போல மடியில் சாய்த்துக்கொண்டு இருட்டறையில் உட்கார்ந்திருக்கும் ஆளை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. ஆனால் பிளாஸ்டிக் கிட்டார் விற்கப்படாத ஊர்கள்தான் உலகத்தில் அதிகம்.

எனக்கு மிகவும் பிடித்த முரண் 2010-இல் நடந்தது. ராக் பேண்ட் நெட்வொர்க் என்று ஒரு திட்டம். சின்ன இசைக்குழுக்கள் தங்கள் பாட்டுக்குத் தாங்களே சார்ட் போட்டு கன்சோல் கடையில் விற்கலாம். சார்ட் போடுவது எதில்? ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில், பிசியில். அதைப் பொதிந்து அனுப்பும் கருவியும் பிசியில்தான். சமைக்கிற இடம் பிசி, பரிமாறுகிற இடம் மட்டும் கன்சோல். சமையல்காரனைப் பந்தியில் உட்காரவிடாத வழக்கம் நமக்குத் தெரியாததா!

அதற்குள் சந்தை சரிந்துவிட்டது. வருடத்துக்கு நாலைந்து தலைப்புகள் விட்டால் யார் வாங்குவார்கள்? 2006-இல் 17.5 கோடி டாலருக்கு வாங்கிய ஹார்மோனிக்ஸை வயாகாம் 2010 கடைசியில் கைகழுவியபோது, கடன்களையும் சேர்த்துத் தள்ளிவிட்ட கைமாற்று விலை 49.99 டாலர் என்று செய்தி வந்தது. கடையில் ஒரு டிஸ்க் அந்த விலை. 2011 பிப்ரவரியில் ஆக்டிவிஷன் தன் கிட்டார் ஹீரோ பிரிவையே மூடியது.

இப்போது நான் சொல்லவேண்டிய இடத்துக்கு வருகிறேன். 2015-இல் ராக் பேண்ட் 4 கன்சோல்களுக்கு வந்தது. 2016 மார்ச்சில் ஹார்மோனிக்ஸ் ஃபிக் என்ற கூட்டுநிதித் தளத்தில் வந்து நின்றது. பிசியில் கொண்டுவருகிறோம், 15 லட்சம் டாலர் வேண்டும். ஆடுகிறவர்களே சார்ட் போட்டுச் சேர்க்கும் வழியும் திறக்கும் என்றார்கள். அதாவது சமையல்காரனுக்கும் இலை.

எனக்காகவே எழுதின விளம்பரம் மாதிரி இருந்தது. கன்சோல் இல்லை, பிசி இருக்கிறது, பரணில் கிட்டார் இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் தினம் திறந்து பார்த்தேன். பணம் கட்டவில்லை. ஒரு பாட்டு 2 டாலர் என்று முன்பு நாற்பது பாட்டு வாங்கியிருந்தேன். ஒரு நிறுவனத்தின் கன்சோலில் வாங்கியது இன்னொன்றின் கன்சோலுக்குப் போகாது, பிசிக்கும் வராது. திரும்ப முதலிலிருந்தா என்று தோன்றியது. மற்றவர்கள் கட்டுவார்கள் என்றும் தோன்றியது. கெடு முடிந்தபோது பாதியைச் சற்றுத் தாண்டியிருந்தது, ஏறக்குறைய 7.9 லட்சம். இலக்கை எட்டாததால் திட்டம் கைவிடப்பட்டது. பிசிக்கு வரவேண்டும் என்று எட்டு வருடம் வாய் கிழியப் பேசினவன், கேட்டபோது கையை மடக்கிக்கொண்டேன். கேட்கிறவர்கள் வேறு, வாங்குகிறவர்கள் வேறு என்று கம்பெனிக்காரர்கள் சொல்வார்களே, அந்தப் புள்ளிவிவரத்தில் ஒருவன் நான்.

வராமல் போனால் என்ன நஷ்டம்? இதற்குப் பதில் போட்டியாளரிடமிருந்து வந்தது. ஆக்டிவிஷன் 2015-இல் கிட்டார் ஹீரோ லைவ் என்று புதிதாக விட்டது. டிஸ்க்கில் 42 பாட்டு. மீதி 484 பாட்டும் இணையம் வழியாக ஓடும். 2018 டிசம்பர் 1 அன்று சர்வரை நிறுத்தினார்கள். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அன்றோடு போனது. பாட்டு எங்கும் போகவில்லை, யூடியூபில் கேட்கலாம். போனது சார்ட். ஒரு சொல்கட்டைக் கேட்டு எழுதிவைத்த நோட்டு மாதிரி, ஒரு பாட்டை விரல் எப்படிப் புரிந்துகொள்ளவேண்டும் என்று யாரோ நாள் கணக்கில் உட்கார்ந்து குறித்த குறிப்பு.

எதிர்ப்பக்கத்தில் ஒரு நியாயம் இருப்பதை மறைக்கமாட்டேன். பிசியில் இன்று உயிரோடு இருக்கும் குளோன் ஹீரோ போன்ற ரசிகர் மென்பொருள்களில் ஆடப்படும் பாட்டுகளில் பெரும்பகுதிக்கு யாரும் உரிமம் வாங்கவில்லை. இசைக்கலைஞனுக்குக் காசு போகவில்லை. கன்சோலின் மூடின கடை குறைந்தபட்சம் அந்தக் காசைக் கொடுத்தது. ஆனால் அந்த உரிமங்களுக்கும் ஆயுள் உண்டு. ஆயுள் முடிந்தால் விற்பனை நின்றுவிடும். 2024 ஜனவரியோடு ராக் பேண்டுக்குப் புதுப் பாட்டு வருவது நின்றது. ஹார்மோனிக்ஸ் இப்போது எபிக் கம்பெனிக்குள் இருக்கிறது. அவர்கள் 2023 டிசம்பரில் விட்ட ஃபோர்ட்நைட் ஃபெஸ்டிவல் பிசியிலும் ஓடுகிறது. கேட்டது கடைசியில் கிடைத்துவிட்டது, ஆனால் இன்னொருவர் வீட்டுத் திண்ணையில். செகா 2022-இல் ஹட்சுனே மிகுவின் ஆட்டத்தை ஸ்டீமில் விட்டது. கொரியாவின் டிஜேமேக்ஸ் 2020-இல் முழுதாக வந்தது. இவை இரண்டிலும் பாட்டுகளில் கணிசமானவை அந்த ஆட்டங்களோடேயே வளர்ந்தவை. அடுத்தவன் பாட்டை வாடகைக்கு எடுத்த ஆட்டங்கள்தான் பிசி வாசலில் நின்று தயங்கின. தயக்கம் தொழில்நுட்பத்தில் இல்லை, வாடகைச் சீட்டில்.

வரவேண்டுமா என்றால், வரவேண்டும். லாபம் வரும் என்பதற்காக இல்லை. 2016-ஐப் பார்த்தபிறகு அப்படிச் சொல்ல எனக்கு வாயில்லை. கடை மூடினபிறகும் திறக்கக்கூடிய ஒரு இடத்தில் சார்ட் இருக்கவேண்டும் என்பதற்காக.

போன வருடம் கிட்டாரைப் பரணிலிருந்து இறக்கினேன். தூசு துடைத்து லேப்டாப்பில் செருகினதும் உடனே அடையாளம் கண்டுகொண்டது. அது எப்போதுமே ஒரு யூஎஸ்பி சாதனம்தான், நாங்கள்தான் கவனிக்கவில்லை. மிருதங்கக்காரன் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறான். ஒரு சனிக்கிழமை வந்தான். 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் அந்தக் கிட்டார் பாட்டுக்குச் சார்ட் போடலாம் என்று உட்கார்ந்தோம். எந்தக் கன்சோல் கடையிலும் இளையராஜா பாட்டு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

முதல் இரண்டு வரி சரியாக விழுந்தது. பிறகு கற்கள் நழுவ ஆரம்பித்தன. இன்றைய பாட்டு மாதிரி இயந்திரத் துடிப்புக்கு வாசித்தது இல்லை அது, 1982. உயிருள்ள மனிதர்கள் ஒன்றாக உட்கார்ந்து வாசித்தது. காலப்பிரமாணம் மயிரிழை ஏறும், மயிரிழை இறங்கும். ஒரே வேகம் கொடுத்தால் பொருந்தாது. ஒவ்வொரு ஆவர்த்தமாகக் கேட்டு, அவன் தொடையில் தட்டிச் சொல்ல, நான் கோட்டை நகர்த்தினேன். விடியற்காலை மூன்று மணி. பல்லவி முடிந்து முதல் இடையிசை வரை வந்திருந்தோம். இதை யாருக்கும் கொடுக்கமுடியாது, கொடுக்கும் உரிமை எங்களுக்கு இல்லை. லேப்டாப்பிலேயே இருக்கிறது.

போன வாரம் கூப்பிட்டான். புது டிவி வாங்கியிருக்கிறானாம்.

"கோப்பை அனுப்பு, போட்டுப் பார்க்கிறேன்."

"முதல்ல தாமதத்தை அளந்துக்கோ."

"அளந்துட்டேன். 62 காட்டுது." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா நம்ப முடியல. திரும்ப ஒருக்கா பார்க்கிறேன், லைன்லயே இரு" என்றான்.