கணக்கப்பிள்ளைகளும் நாலாயிரம் பணமும்

குலசேகரன்பட்டினத்தில் விண்வெளி ஏவுதளத்திற்கு 2024 பிப்ரவரி 28-ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்ட பின், அவ்வூரைப் பற்றிப் பேசாதார் இல்லை. அதே கரையில் சற்றுத் தெற்கே உள்ள மணப்பாட்டை நினைக்கும்போதெல்லாம், நமக்கு வேறொரு பழைய வினாவே எழுகின்றது. கடற்கரைச் சிற்றூரில் பாடம் சொல்லுபவரை அவ்வூரிலேயே நிலைக்கச் செய்வது எது?

1542-இன் இறுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் தமிழறியார். இருமொழியும் அறிந்தோரைக் கூட்டிச் செபங்களைத் தமிழாக்கினார். அவற்றை மனனம் செய்தார். கையில் மணியோடு தெருத்தெருவாய்ச் சென்று சிறுவரை அழைத்தார். ஓரூரில் சில வாரங்கள் தங்கியபின், செபங்களின் படியை அங்கே விட்டுவிட்டு அடுத்த ஊருக்கு நடந்தார். அவர் போனபின் மணியடித்தவர்கள் கணக்கப்பிள்ளைகள். கணக்கெழுதுவோரைக் குறித்த இச்சொல் இக்கரையில் ஞானோபதேசம் கற்பிப்போருக்கும் பெயராயிற்று.

சவேரியார் அவர்களுடைய வயிற்றை மறந்தவரல்லர். போர்த்துக்கீசிய ஆளுநர் மார்த்தீன் அபோன்சோ தெ சூசா வழியாக ஆண்டுக்கு நாலாயிரம் பணம் அவர்களுக்கென ஒதுக்கப்பட்டது. அரசியின் காலணிச் செலவுக்கென இக்கரையில் திரட்டப்பட்ட தொகை அது என்பர். தொண்டு, தியாகம் என்று சொல்லி ஆசிரியர் கூலியைக் குறைக்கும் வழக்கத்திற்குச் சவேரியாரைச் சாட்சிக்கு அழைக்க இயலாது.

ஆயினும் அப்பணத்தைப் பல ஊர்களுக்குப் பங்கிட்டால் ஒருவருக்குக் கிட்டுவது சொற்பமே. அவர்களைத் தாங்கியது வேறொன்று என்று நாம் கருதுகின்றோம். 1544-இல் தம் தோழர் மான்சிலாசுக்கு அவர் எழுதிய கடிதங்களிலும், 1548 பிப்ரவரியில் மணப்பாட்டிலிருந்து தந்த அறிவுரைகளிலும் ஒரே கவலை ஒலிக்கின்றது: ஓரிடத்தில் தங்கிவிடாதீர்கள், ஊர் ஊராய்ச் செல்லுங்கள், சிறுவர் கற்பதைப் பாருங்கள். மேலும், தாம் போக இயலாத நோயாளர் வீடுகளுக்குச் செபம் சொல்ல அச்சிறுவரையே அனுப்பினார். அவர்கள் கற்றதற்கு ஊர் முழுதும் செவிகொடுத்தது. கற்பித்தவருக்கு இதனினும் பெருமை வேறென்ன?

அவருக்குப் பின்வந்த ஹென்றி ஹென்றிகஸ் அடிகளார் தமிழைக் கற்று, 1578 அக்டோபர் 20-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' எனும் பதினாறு பக்க நூலை அச்சேற்றினார். தமிழ் அச்சுப் பணிக்கு இக்கரை மக்களும் பொருளுதவினர். ஏட்டையும் மனப்பாடத்தையும் நம்பியிருந்த உபதேசியாரின் கைக்கு அச்சிட்ட நூல் வந்தது. சம்பளத்தில் சேராத கொடை அது.

இவற்றையெல்லாம் நாம் குருமடத்திலேயே படித்தோம். பின்னர்க் கடலோரப் பங்கொன்றில் தொடக்கப்பள்ளிக்குத் தாளாளராகவும் இருந்தோம். நான்காம் வகுப்பை நன்கு நடத்திய ஆசிரியர் ஒருவர் இடமாற்றம் கேட்டு வந்தார். பேருந்துச் சிரமமா, சம்பளமா என்று வினவினோம்.

"அதெல்லாம் இல்ல சாமி. நாலு வருசமா நான் என்ன நடத்துறேன்னு என் வகுப்புக்கு வந்து யாரும் பாத்ததில்ல."

'யாரும்' என்று அவர் சொன்னது மரியாதைக்காக. வகுப்பறைக்கும் பங்கு இல்லத்திற்கும் இடையே இருந்தது ஒரு வேப்பமரந்தான். கட்டிடக் கணக்கும் மானியக் கோப்பும் நம்மை அம்மரத்தைத் தாண்ட விடவில்லை என்றே அதுவரை நினைத்திருந்தோம்.

மறுநாள் காலை அவ்வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்தோம். அவர் பின்னங்களை நடத்திக்கொண்டிருந்தார். விண்ணப்பம் மேசை மேல் கிடந்தது. அதை அவர் திரும்பப் பெறவுமில்லை, நாம் கேட்கவுமில்லை. ஜூன் மாதம் அவர் வேறு ஊருக்குப் போனார்.