பெரிய பாம்பின் நியாயம்

வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிப்பதற்கென்றே நம் வீடுகளில் ஒரு விளையாட்டு உண்டு. விடியலில் பெரம்பலூர் மதனகோபால சுவாமி கோயிலிலோ அரியலூர் கோதண்டராமர் கோயிலிலோ சொர்க்கவாசல் திறக்கும்வரை தூக்கம் வராமலிருக்கப் பரமபத படத்தை விரிப்பார்கள். கீழே பிறவிகள், மேலே வைகுண்டம். இடையில் ஏணிகள் புண்ணியத்துக்கு, பாம்புகள் பாவத்துக்கு. உச்சிக்குச் சற்று முன்னால் ஒரு பெரிய பாம்பு வாய் பிளந்து கிடக்கும். அதில் கால் வைத்தவர் அடிமட்டத்துக்கே வந்துவிடுவார்.

இது நியாயமா? தோற்ற பிள்ளைகள் எல்லாக் காலத்திலும் கேட்ட கேள்வி. தாயக்கட்டையில் தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்று ஆடும் வீடுகளும் உண்டு. இரண்டு கட்டைகளும் சீராக உருண்டால் தாயம் விழ எட்டில் ஒரு வாய்ப்புதான். அத்தனை காத்திருந்து இறங்கி, ஏறி, கடைசியில் பாம்பு விழுங்கினால் அழுகை வரத்தான் செய்யும்.

இந்தப் படம் வெகுதூரம் போய் வந்திருக்கிறது. வடக்கே ஞான் சௌபர் என்ற பெயரில் சமணர்கள் 84 கட்டங்களில் ஆடினார்கள். வைணவர்களுக்கு 72 கட்டப் பலகை இருந்தது. சூஃபிகளும் தங்களுக்கென ஒன்று வரைந்துகொண்டார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் சில படங்களைச் சேகரித்து இங்கிலாந்துக்கு எடுத்துப் போனார்கள். 1890களில் லண்டன் கடைகளில் அது குழந்தைகள் பலகையாக வந்தது. பழைய இந்தியப் படங்கள் பலவற்றில் ஏணிகளைவிடப் பாம்புகள் அதிகம்; அங்கே இரண்டையும் ஏறக்குறைய சமமாக்கினார்கள். முதலில் தங்களுடைய நற்குணங்களையும் தீக்குணங்களையும் எழுதினார்கள். பிறகு அந்த எழுத்தும் உதிர்ந்தது. 1943இல் அமெரிக்காவில் மில்டன் பிராட்லி நிறுவனம் பாம்பையே எடுத்துவிட்டுச் சறுக்குமரம் வைத்தது. நம் கடைகளில் கிடைக்கும் 100 கட்ட அட்டை, கடல் கடந்து மெலிந்து திரும்பிய அந்தப் பிள்ளைதான்.

அதே அமெரிக்காவில் வேறொரு திசையும் திறந்தது. 1974இல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வந்தது: மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வீரனாகப் பேசியே ஆடும் ஆட்டம். அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸ் 1975இல் ஒரு போட்டிக்காக 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' என்ற கல்லறையை அமைத்தார். அங்கே பச்சை நிறப் பேய் முகம் ஒன்று வாய் பிளந்து நிற்கும். உள்ளே நுழைந்தவர் இல்லாமலே போவார். பகடை உருட்டித் தப்பிக்கக்கூட வழி கிடையாது. கெட்டிக்கார ஆட்டக்காரர்களைச் சோதிக்கத்தான் அது என்று ஆதரிப்பவர்கள் சொல்வார்கள். முன்னறிவிப்பில்லாத சாவு ஏமாற்று என்பவர்களும் உண்டு. ஐம்பது வருடமாக இந்தச் சண்டை ஓயவில்லை.

எனக்கு நம் பெரிய பாம்புதான் நேர்மையானதாகத் தெரிகிறது. அங்கே கல்லறைக்குள் போகிறவருக்குத் திரும்பிவிடும் உரிமை உண்டு, ஆனால் வாய்க்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. இங்கே ஆடுபவருக்குத் தேர்வே இல்லை, கட்டை சொன்ன இடத்துக்குப் போயாக வேண்டும்; ஆனால் பாம்பு எதையும் ஒளிப்பதில்லை. தலை எங்கே, வால் எங்கே, எந்தப் பாவத்தின் பெயர் என்று முதல் உருட்டலுக்கு முன்பே படத்தில் இருக்கிறது. விழுந்தவரை ஆட்டத்தைவிட்டுத் துரத்துவதும் இல்லை. காய் கீழே வரும், மறுபடி ஏறலாம். அரியலூரே அப்படித்தான்: 2001இல் மாவட்டமாகி, 2002இல் பெரம்பலூரோடு மறுபடி சேர்க்கப்பட்டு, 2007இல் திரும்பவும் தனி மாவட்டமானது.

பெயரை அழித்த பலகைதான் அநியாயமானது. அதில் பாம்பு வெறும் துரதிர்ஷ்டம். ஏன் விழுந்தோம் என்று குழந்தை கேட்டால் பதில் இல்லை. அடுத்த ஏகாதசிக்கு எண் மட்டும் போட்ட அட்டையை வாங்காதீர்கள். பெயர் எழுதிய பரமபத படத்தை வாங்குங்கள். பாம்பில் காய் இறங்கும்போதெல்லாம் அந்தப் பாம்பின் பெயரைப் பிள்ளைகளையே உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.